பாம்பன் மணலில் கடுகின் சொந்தங்கள்

ராஜஸ்தானின் அஜ்மீரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு வாராந்திர ரயில் வருகிறது. தை மாதத்தில் அதில் ஏறினால், ராஜஸ்தான் எல்லை தாண்டும் வரை வயலுக்கு வயல் மஞ்சள் தெரியும். எல்லாம் கடுகுப் பூ. இந்தியாவில் விளையும் கடுகில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு மாநிலத்திலிருந்துதான் வருகிறது. அதே ரயில் மண்டபத்தைத் தாண்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் கடலைக் கடந்து பாம்பனுக்குள் நுழையும்போது உடைமரமும் பனையும் தென்னையும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படும். கடுகு வயல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. ராமேஸ்வரத்தில் வடநாட்டு யாத்திரிகர்களுக்காகச் சமைக்கும் அடுப்படிகளில் கடுகெண்ணெய் வாசம் வரும். நம் வீடுகளிலோ அஞ்சறைப் பெட்டியில் கடுகு தீர்ந்தால் அன்றைய சமையல் நகராது. ஆனால் தின்பதெல்லாம் வெளியூரில் விளைந்தது.

கடுகுக்கு உலகச் சந்தையில் ஓர் அண்ணன் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரேப்சீட் என்பார்கள். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் அதன் எண்ணெய் கனோலா என்ற பெயரில் கண்ணாடி போன்ற பாட்டிலில் நிற்கும். பாமாயிலுக்கும் சோயாவுக்கும் அடுத்தபடியாக உலகில் அதிகம் உற்பத்தியாகும் தாவர எண்ணெய் இதுதான். கனடாவும் ஐரோப்பாவும் சீனாவும் இதைப் பெருமளவில் விளைவிக்கின்றன. இந்தியாவில் பஞ்சாப், இமாச்சலப் பகுதிகளில் கோபி சர்சோன் என்ற பெயரில் கொஞ்சம் பயிராகிறது. தாவரவியலில் இதன் பெயர் பிராசிக்கா நேப்பஸ். நம் தாளிப்புக் கடுகு பிராசிக்கா ஜன்சியா.

இந்தச் செடியைப் பாம்பனில் விதைத்தால் என்ன ஆகும்? கடலோரம் ஆயிற்றே, உப்பு கொன்றுவிடும் என்றுதான் முதலில் தோன்றும். அது சரியான காரணம் அல்ல. முளைக்கும் பருவத்தைத் தாண்டிவிட்டால் கனோலா உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும்; நெல்லையும் மிளகாயையும்விடப் பல மடங்கு. மண்ணின் உவர்த்தன்மையை அளக்கும் டெசிசீமன்ஸ் கணக்கில் சுமார் 10 வரை இதன் விளைச்சல் பெரிதாகக் குறையாது. நெல் 3-ஐத் தாண்டும்போதே சுணங்கத் தொடங்கிவிடும். எனவே தீவின் உள்பகுதியில், மழைநீர் தேங்கி நன்னீர்க் கிணறு கிடைக்கிற மணல் திடல்களில், தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் போடுகிற நிலங்களில், கனோலா முளைத்து இலை விட வாய்ப்பு உண்டு. பூக்கிற இடத்தில்தான் சிக்கல் வரும்.

ஐரோப்பாவில் விதைக்கும் கனோலா பெரும்பாலும் குளிர்கால வகை. ஆகஸ்ட், செப்டம்பரில் விதைப்பார்கள். செடி இலை விட்டுத் தரையோடு படிந்து பனிக்காலத்தைக் கழிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும், ஜூலையில் அறுவடை. ஒரு பயிருக்கு ஏறத்தாழ பதினொரு மாதம். இவ்வளவு நாள் காத்திருப்பது சோம்பலால் அல்ல. சில வாரங்களாவது ஒற்றை இலக்கப் பாகைக் குளிரை அனுபவிக்காமல் இந்த வகை பூக்கவே பூக்காது. பள்ளிப் பாடநூலில் தட்பப்பதனம் என்று படித்திருப்போமே, அது இதுதான். செடிக்குள் எஃப்.எல்.சி. என்ற மரபணு ஒன்று பூக்கும் ஆணையைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. நீண்ட குளிர் அந்த மரபணுவை மெல்ல மெல்ல மூடுகிறது. குளிர் போன பிறகும் அது மூடியே கிடக்கும். அதனால்தான் வெயில் வந்ததும் செடி துணிந்து பூக்கிறது. இந்த மூடலின் நுணுக்கத்தை இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் செலவிட்டு விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த செடி அராபிடாப்சிஸ். அதுவும் கடுகுக் குடும்பத்துக் களைதான்.

பாம்பனில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்கால வகையை இங்கே விதைத்தால் எத்தனை மாதமானாலும் கீரையாகவே நிற்கும்.

சரி, கனடாவில் விதைப்பது வசந்தகால வகைதானே, அதற்குக் குளிர் தேவையில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வகை பூத்துவிடும். ஆனால் பூக்கும் நாட்களில் வெப்பம் 30 பாகையை ஒட்டிப் போனால் மகரந்தம் மலடாகும், மொட்டு உதிரும், காய் பிடித்தாலும் உள்ளே விதை இருக்காது. பாம்பனில் மார்கழிப் பகலே அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. இன்னொன்று பகலின் நீளம். கனடாவின் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். அந்த நீண்ட பகலை அறிகுறியாக வைத்துத்தான் இந்தச் செடி காலத்தைக் கணிக்கிறது. ஒன்பது பாகை அட்சரேகையில் இருக்கும் பாம்பனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். நம் கடுகு இதில் கொஞ்சம் கெட்டிக்காரச் செடி. அக்டோபரில் விதைத்து, வட இந்தியக் குளிரில் நான்கைந்து மாதத்தில் விளைந்துவிடும். தமிழ்நாட்டிலும் கிருஷ்ணகிரி, ஓசூர் மேட்டு நிலங்களில் கேழ்வரகுக்கு ஊடே வரிசையாக விதைப்பார்கள். ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவோ உயரத்தில் இருக்கிற குளுமையான நிலம்.

ஆக, கனோலா பாம்பனுக்கு வராது. இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு வேளாண் துறைக் குறிப்பு. ஆனால் இந்தச் செடியின் தனித்தன்மை என்று நாம் நினைக்கிற ஒவ்வொன்றையும், அதாவது அதன் நாலிதழ்ப் பூ, வெடிக்கும் காய், நாக்கைச் சுடும் காரம், விதையில் நிறைந்த எண்ணெய் எல்லாவற்றையும், பாம்பன் வேலியோரத்தில் வேறு வேறு செடிகளில் பிரித்துப் பார்க்க முடியும். கனோலாவின் தாவரவியலைப் படிக்க கனடாவுக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி.

ஐப்பசி மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் சாலையோர மணலில் ஒரு செடி எழும். முழங்கால் உயரம், தொட்டால் பிசுபிசுப்பு, மஞ்சள் பூ, ஒல்லியான நீளக் காய். நாய்க்கடுகு. நாய்வேளை என்றும் சொல்வார்கள். கிளியோம் விஸ்கோசா. இதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கனோலாவைப் படிக்கலாம்.

இரண்டுக்கும் இதழ் நான்கு. கனோலாவில் அவை நேர் எதிராக விரிந்து சிலுவை வடிவில் நிற்கும். அதை வைத்தே அந்தக் காலத் தாவரவியலாளர்கள் கடுகுக் குடும்பத்துக்குச் சிலுவை தாங்கி என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். நாய்க்கடுகின் நான்கு இதழ்களும் ஒரு பக்கமாக மேல்நோக்கி ஒதுங்கியிருக்கும். கனோலாவில் மகரந்தத்தாள்கள் சரியாக ஆறு: உள்வட்டத்தில் நெட்டையாக நான்கு, வெளிவட்டத்தில் குட்டையாக இரண்டு. கடுகுக் குடும்பத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செடிக்கும் இதே கணக்கு. பூவைப் பிரித்து இதை எண்ணிவிட்டால் குடும்பம் இன்னதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நாய்க்கடுகில் அந்த ஒழுங்கு இல்லை, பத்துக்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கும்.

காய்தான் இன்னும் சுவாரசியம். முற்றிய கடுகுக் காயை நகத்தால் கீறினால் இரண்டு ஓடுகள் கீழிருந்து மேலாகப் பிரிந்து விழும். நடுவில் ஒரு சட்டம் மிஞ்சும். அதன் குறுக்கே காகிதம் அளவுக்கு மெல்லிய ஒரு திரை. விதைகள் சட்டத்தின் விளிம்பில் திரைக்கு இரு புறமும் ஒட்டியிருக்கும். இந்தத் திரை காயின் உண்மையான சுவர் அல்ல, பிற்பாடு வளர்ந்தது. அதனால் போலித் தடுப்பு என்பார்கள். நாய்க்கடுகின் காயையும் அதேபடி பிரித்துப் பாருங்கள். இரண்டு ஓடு விழும், சட்டம் மிஞ்சும், திரை மட்டும் இருக்காது. கடுகுக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு நாய்க்கடுகின் குடும்பம்தான் என்று இன்றைய மரபணு ஆய்வு சொல்கிறது. அந்தத் திரை இரண்டும் பிரிந்த பிறகு கடுகின் கிளையில் வந்து சேர்ந்த சொத்து.

ஓடுகள் இப்படித் தானாகப் பிரிவது காட்டுச் செடிக்கு வசதி, விவசாயிக்குத் தலைவலி. காய் காயும்போது ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள செல்வரிசை வலுவிழக்கிறது. ஓடு சுருங்கி இழுக்கிறது. ஒரு காற்று, ஒரு உரசல் போதும், விதை தெறித்துவிடும். அதனால்தான் கனடாவில் காய் முழுதாகக் காயும் முன்பே பயிரை அறுத்து வரிசையாகக் கிடத்தி, அங்கேயே உலரவிட்டுப் பிறகு கதிரடிக்கும் பழக்கம் வந்தது. பாம்பன் காற்றில் அந்தக் காய் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தால் சிரிப்புதான் வரும்.

நாய்க்கடுகு விதையையும் கடுகுக்குப் பதிலாகச் சில இடங்களில் பயன்படுத்துவது உண்டு. உருண்டையாக இருக்காது, சிறுநீரக வடிவில், வரிவரியாக இருக்கும். சட்டியில் போட்டால் கடுகின் கம்பீரம் வராது என்பது தனி விஷயம்.

கடுகு, கனோலா, சர்சோன் என்று இத்தனை பெயர் இருக்கிறதே, இவற்றை எப்படிப் பிரித்தறிவது? வயலில் நின்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: மேல் இலையின் அடியைப் பார்க்க வேண்டும். நம் கடுகில் மேல் இலைக்கும் சிறு காம்பு இருக்கும். கனோலாவில் காம்பில்லாத இலை தண்டைப் பாதி அணைத்து நிற்கும். தோரியா, மஞ்சள் சர்சோன் அடங்கிய பிராசிக்கா ராபாவில் இலை தண்டை முழுக்கச் சுற்றிவிடும். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதையை 1935-இல் ஒரு கட்டுரையில் எழுதியவர் வூ ஜாங்-சுன். தந்தை கொரியர், தாய் ஜப்பானியர். ஜப்பானில் யூ நாகஹாரு என்ற பெயரில் எழுதினார். ராபாவின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 10, முட்டைக்கோசின் 9, கருங்கடுகின் 8. ராபாவும் கோசும் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் அப்படியே சேர்ந்துகொண்டால் 19. அதுதான் கனோலா. ராபாவும் கருங்கடுகும் சேர்ந்தால் 18. அது நம் கடுகு. கோசும் கருங்கடுகும் சேர்ந்தால் 17, அது எத்தியோப்பியக் கடுகு. மூன்று தாய், மூன்று சேய். இதை முக்கோணமாக வரைந்து காட்டியதால் யூ முக்கோணம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2014-இல் கனோலாவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இந்தக் கலப்பு சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன்புதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. தாவர வரலாற்றில் அது நேற்றைய சமாச்சாரம்.

இனி காரம். கடுகு விதையை முழுதாக வாயில் போட்டால் ஒன்றும் தெரியாது. கடித்து மென்றால்தான் மூக்கில் ஏறும். விதைக்குள் காரமே இல்லை என்பதுதான் காரணம். குளுக்கோசினோலேட் என்ற, கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த சர்க்கரைச் சேர்மம் ஓர் அறையில் இருக்கிறது. மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களில் தனியாக இருக்கிறது. பாம்பனில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: ரெசினும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் இருக்கும் வரை திரவம்தான், கலந்தால்தான் வேலை நடக்கும். பூச்சி கடித்தாலோ, அம்மியில் அரைத்தாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் அந்த நொடியில் உருவாகிறது.

தாளிப்பில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். கொதிக்கிற எண்ணெயில் முழு விதையைப் போடுகிறோம். உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி ஓட்டைப் பிளக்கிறது. அதே சூட்டில் நொதியும் செத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு மென்றாலும் காரம் பிறக்காது, வறுத்த வாசம் மட்டும் மிஞ்சும். வங்காளிகள் கடுகைப் பச்சையாக அரைத்துச் செய்யும் காசுந்தியும், ஆந்திராவின் ஆவக்காயும் நொதியைச் சாகவிடாமல் வேலை வாங்குகிறவை. ஒரே விதையை வைத்து இந்தியாவின் இரண்டு சமையல் மரபுகள் எதிர் எதிர் வேதியியல் செய்கின்றன.

இந்தக் காரத்தை மோப்பம் பிடித்துப் போனால் பாம்பனில் எங்கெல்லாம் போய் நிற்போம்? முதலில் கொல்லைப்புறத்து முருங்கைக்கு. முருங்கை வேரைக் கீறி முகர்ந்தால் கடுகு வாடை தெளிவாக அடிக்கும். வெள்ளைக்கார துரைமார் தங்கள் ஊர்க் குதிரைமுள்ளங்கி கிடைக்காத குறைக்கு இந்த வேரைத்தான் துருவித் தின்றார்கள். அடுத்து பப்பாளி. பழத்தைத் தின்றுவிட்டு எறிகிற கறுப்பு விதையில் ஒன்றைக் கடித்தால் போதும். மூன்றாவது, உகாய்.

உகாய் மரத்தை நகரத்துத் தமிழர்கள் மறந்துவிட்டார்கள். குறுந்தொகை அறிந்த மரம் அது. அங்கே பாலை நிலத்தில் நிற்கிறது. நிஜத்தில் பாலையோடு கடலோர உவர்நிலமும் அதற்குச் சொந்த ஊர். ராமநாதபுரம் கரையிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் சதுப்புக்காட்டை ஒட்டிய உப்புத் திட்டுகளில் வளர்கிறது. தழைந்து தொங்கும் கிளை, தடித்த இலை, மிளகளவு பழம். பூ பச்சை கலந்த வெள்ளையில் மிகச் சிறியது. உற்றுப் பார்த்தால் இதழ் நான்கு. பழத்தில் இனிப்போடு ஒரு சுருக் காரம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மிஸ்வாக் குச்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். அது இந்த மரத்தின் வேரும் கிளையும்தான். 2011-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மிஸ்வாக் வேரிலிருந்து பென்சைல் ஐசோதயோசயனேட்டைப் பிரித்து, ஈறு நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களை அது கொல்வதைக் காட்டினார்கள். பப்பாளி விதையின் காரமும் இதே மூலக்கூறுதான். முருங்கையில் அதே அடிப்படைதான், மேலே ஒரு சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். உகாயின் குடும்பத்திலேயே இன்னொன்று சங்கஞ்செடி. கணுவுக்கு நான்கு முள் வைத்து, வெள்ளைப் பழம் பழுக்கிற அந்த வேலிப் புதரைத் தெரியாதவர்கள் ராமநாதபுரத்தில் இருக்க மாட்டார்கள். ஆதொண்டை, விழுதி என்று பட்டியல் இன்னும் நீளும்.

இத்தனையும் ஒரே வம்சம் என்று தாவரவியலாளர்கள் ஒப்புக்கொள்ள வெகு காலம் பிடித்தது. கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்த பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டில் உகாய் மல்லிகைக்குப் பக்கத்தில் கிடந்தது. பப்பாளியை வேறு ஒரு மூலையில் கொடிகளோடு வைத்திருந்தார்கள். முருங்கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பூவை மட்டும் பார்த்தால் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. முருங்கைக்கும் பப்பாளிக்கும் இதழ் ஐந்து. 1970-களில் ரோல்ஃப் டால்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர், கடுகுக் காரம் உள்ளவற்றையெல்லாம் ஒரே வரிசையில் சேர்க்கலாமே என்றார். பலர் ஏற்கவில்லை. பிறகு டி.என்.ஏ. வரிசைகளைப் படிக்கும் காலம் வந்தது. 1998-இல் வெளியான புதிய வகைப்பாடு கடுகு, முருங்கை, பப்பாளி, உகாய், நாய்க்கடுகு, ஆதொண்டை எல்லாவற்றையும் பிராசிக்கேல்ஸ் என்ற ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தது. இந்த வரிசைக்கு வெளியே குளுக்கோசினோலேட் செய்யும் திறன் தனியாகத் தோன்றியிருப்பது டிரைபெட்டிஸ் என்ற பேரினத்திலும் அதன் நெருங்கிய சொந்தங்களிலும்தான். நம் கடலோரக் கோயில் காடுகளில் நிற்கும் வீரை மரம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது.

தாவரவியலாளர்களுக்கு முன்பே வண்ணத்துப்பூச்சிகளுக்கு இது தெரிந்திருந்தது. கோசுச் செடியைத் தின்னும் வெள்ளைப் பூச்சியின் புழு, காரச் செடியின் சாற்றைத் தடவினால் வழக்கமாக ஒதுக்குகிற இலையையும் தின்கிறது என்பதை 1910-இல் ஹாலந்தில் வெர்ஷாஃபெல்ட் என்பவர் காட்டினார். விரட்டுவதற்காகச் செடி செய்த நஞ்சு அந்தப் புழுவுக்கு முகவரிச் சீட்டு ஆகிவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகள் இங்கே ஆதொண்டையிலும் விழுதியிலும் முட்டையிடுகின்றன. உகாய்க்கும் சங்கஞ்செடிக்குமென்றே இளஞ்சிவப்பு இறகுள்ள கோலோட்டிஸ் இனம் ஒன்று சுற்றுகிறது.

எண்ணெய்க்கு வருவோம். கனோலா விதையில் 40 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். பழைய ரேப்சீட் எண்ணெயில் பாதியளவு எருசிக் அமிலம் இருந்தது: 22 கார்பன் நீளச் சங்கிலி, நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. ஈரமான உலோகத்தின் மேல் இந்த எண்ணெய் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நீராவியும் வெந்நீரும் கழுவிவிடாது. பாம்பன் பாலம் 1914-இல் திறந்து போட் மெயில் ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் ஓடிய யுகத்தின் நீராவி இயந்திரங்களுக்கு இப்படிப்பட்ட மசகு தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா, ஆசியாவிலிருந்து ரேப்சீட் வரவு நின்றதும், போர்க்கப்பல் இயந்திரங்களுக்காகக் கனடா அவசரமாக இதைப் பயிரிடத் தொடங்கியது. கனடாவின் கனோலாத் தொழிலுக்கு விதை போட்டது சமையலறை அல்ல, கப்பலின் இயந்திர அறை.

போர் முடிந்து டீசல் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. விளைந்ததைத் தின்னக் கொடுக்கலாம் என்றால், எருசிக் அமிலம் அதிகமான எண்ணெயைத் தின்ற எலிகளின் இதயத் தசையில் கொழுப்பு படிகிறது என்று ஆய்வுகள் கூறின. புண்ணாக்கில் இருந்த குளுக்கோசினோலேட் மாடு, கோழிகளின் தைராய்டைப் பாதித்தது. கனடா ஆய்வாளர்கள் கீத் டவுனியும் பால்டர் ஸ்டெஃபான்சனும் இரண்டையும் குறைத்த ரகங்களைத் தேடித் தேர்ந்தார்கள். 1974-இல் ஸ்டெஃபான்சன் மானிடோபா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட டவர் என்ற ரகத்தில் இரண்டும் குறைவு. கனோலா என்ற பெயர் 1978-இல் வந்தது. இன்று அந்தப் பெயருக்கு எருசிக் அமிலம் 2 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். நம் நாட்டுக் கடுகெண்ணெயில் இன்றும் அது 40 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. அமெரிக்காவில் அதை உணவாக விற்க அனுமதியில்லை. அங்குள்ள இந்தியக் கடைகளில் 'மேல் பூச்சுக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டி விற்பார்கள், வாங்குகிறவர்கள் மீன் பொரிப்பார்கள். மனிதர்களில் அந்த இதயப் பாதிப்பு உறுதியாக நிறுவப்படவில்லை. எலிக்கு இந்தக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைவு என்பதையும் சேர்த்தே இந்த விவகாரத்தைப் படிக்க வேண்டும்.

எருசிக் அமிலம் முற்றாக ஒழிந்துவிடவும் இல்லை. அதிலிருந்து செய்யும் எருக்கமைடு என்ற பொருளைப் பாலித்தீன் தாள்களில் சிறிதளவு சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிப் பிரிவதற்கு அதுவே காரணம். அதற்கென்றே எருசிக் அமிலம் கூடிய ரேப்சீட்டைத் தனியாகப் பயிரிடுகிறார்கள். பாம்பன் மீன் கடையில் பை உருவிக் கொடுக்கும்போது ரேப்சீட் எண்ணெயின் ஒரு துளி கைமாறுகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் பல பைகளில் அதுதான் நிலை.

முருங்கை விதையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் உண்டு. பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஓலெயிக் அமிலம். கூடவே சில சதவீதம் பெஹெனிக் அமிலம்: அதுவும் 22 கார்பன், எருசிக்கில் உள்ள இரட்டைப் பிணைப்பு மட்டும் இருக்காது. உகாய் இந்த இரண்டோடும் சேராது. அதன் விதையில் கிடைப்பது உறைந்த கொழுப்பு; 14 கார்பன் மிரிஸ்டிக் அமிலமும் 12 கார்பன் லாரிக் அமிலமும்தான் அதிகம். தேங்காய் எண்ணெய் வழிக்கு வந்துவிட்டது. சோப்புக்கு நல்லது, சமையலுக்கு உதவாது. குஜராத்தில் பீலு என்ற பெயரில் உகாய் இனங்களின் விதையைப் பொறுக்கி விற்பது பழைய தொழில். பரூச்சில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், வேறெந்தப் பயிரும் நிற்காத உவர் கரிசலில் இந்த மரத்தை நட்டு, விதையும் எண்ணெயும் கிடைப்பதைக் காட்டியிருக்கிறது. கடல் நீருக்கு இணையான உப்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கிற எண்ணெய் வித்துகளில் இதுவும் ஒன்று. பாம்பனில் எண்ணெய்ப் பயிர் என்று யாராவது பேச்செடுத்தால், கனோலாவை விட்டுவிட்டு இந்த மரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆனால் மரம் காய்க்கச் சில ஆண்டு பிடிக்கும், விதை பொடிசு, பறவைகள் முந்திக்கொள்ளும். தென்னைக்குப் போட்டியாக அதைக் கற்பனை செய்வது வீண்.

வெயிலைச் சமாளிப்பதில் இந்த வம்சத்தின் இன்னொரு உறுப்பினர் நல்வேளை. நாய்க்கடுகின் குடும்பம், ஐந்து விரலாக விரியும் இலை, வெள்ளைப் பூ, நீண்டு துருத்தும் காம்பின் நுனியில் ஆறு மகரந்தத்தாள். கனோலாவின் இலையில் கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு ஏற ஏறத் தடுமாறி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். செய்த சர்க்கரையில் ஒரு பகுதி வீணாகும். நல்வேளை அந்தத் தவறுக்கு இடம் கொடுப்பதில்லை. வெளி அடுக்குச் செல்களில் கார்பனை முதலில் ஒரு நாலு கார்பன் அமிலமாகக் கட்டி, நரம்பைச் சுற்றிய செல்களுக்கு அனுப்பி, அங்கே அடர்த்தியாக அவிழ்க்கிறது. சோளமும் கரும்பும் செய்கிற சி4 வித்தை இது. கடுகுக்கு இவ்வளவு நெருங்கிய செடியில் அது இருப்பதால், 2005 முதல் கேம்பிரிட்ஜில் ஜூலியன் ஹிபர்டின் குழு நல்வேளையை மாதிரிச் செடியாக எடுத்து ஆராய்கிறது. அராபிடாப்சிஸில் உள்ள அதே மரபணுக்கள்தான் பெரும்பாலும் இங்கேயும் இருக்கின்றன. எந்தச் செல்லில் எது வேலை செய்ய வேண்டும் என்ற ஆணை மட்டும் மாறியிருக்கிறது. சி4 நெல் உருவாக்கும் பன்னாட்டுத் திட்டத்துக்கும் இந்த அறிவு போய்ச் சேருகிறது. நெல்லில் அது இன்னும் கைகூடவில்லை. கனோலாவில் முயல்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: அவர்கள் புல்லினத்திலிருந்து கடன் வாங்க வேண்டாம், பங்காளி வீட்டிலேயே கேட்கலாம். அந்தப் பங்காளியை இங்கே மழைக்குப் பிறகு கீரையாகப் பறித்துக் கடைகிறார்கள்.